சீசர் உயிரோடு இருக்கும்வரை

ரெஜினா டீச்சரின் நாய் சீசருக்கு இந்த ஜூன் மாதத்தோடு இருபத்தாறு வயது. நாயை வளர்க்கும் அண்ணன் மகன் நெல்சன், அது உயிரோடு இருக்கும்வரை டீச்சரின் வீட்டில் குடியிருக்கலாம், பிறகு அந்த வீடு தெருநாய்க் காப்பகத்துக்கு என்பது செத்துப்போன டீச்சரின் உயில். அதை எழுதிக்கொடுத்தவள் வக்கீல் மரகதவல்லி. வருடத்துக்கு ஒருமுறை நாயை நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டியவளும் அவள்தான். காப்பகத்தில் ஒழுகும் தகரக் கூரைக்கடியில் நாற்பது நாய்கள் இடமில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தன.

இந்த வருடச் சான்றுக்காக அவள் டீச்சரின் வீட்டுக்குள் நுழைந்ததும் சீசர் துள்ளி வந்து அவள் செருப்பைக் கவ்வியது. அவள் பழைய புகைப்படத்தை அதன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“புள்ளி இடது காதுலதானே இருந்துச்சு, நெல்சன்?”

“வயசானா இடம் மாறும் மேடம். எனக்கே மச்சம் மாறிடுச்சு.”

“பல்லும் புதுசா முளைக்குமோ?”

“எல்லாம் அத்தையோட ஆசீர்வாதம். காபி ஆறுது, குடிங்க.”

‘பழுப்பு நிறம், காதில் கறுப்புப் புள்ளி, பெயர் சீசர்.’ உயிலில் அடையாளமென்று அவள் எழுதியிருந்தது அவ்வளவுதான். எந்தக் காது என்று ஒரு சொல் சேர்க்கத் தோன்றாத தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டு, “சீசர்!” என்று அதட்டினாள்.

செருப்பை விட்டுவிட்டு நாய் நிமிர்ந்து பார்த்தது. அடுப்படியிலிருந்து ஒரு குட்டியும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அதன் இடது காதில், புகைப்படத்தில் இருந்த அதே இடத்தில், கறுப்புப் புள்ளி இருந்தது.