குண்டூசி

மேலாளர் இறந்த பிறகும் அந்த அலுவலகத்தின் காணொளிக் கூட்டங்கள் அவர் கணக்கிலேயே நடக்கின்றன. யார் திறந்தாலும் திரையில் முதலில் எழுவது அவர் பெயர்தான். ‘குண்டூசி’ என்ற அவருடைய கடவுச்சொல் ஊருக்கே தெரியும். மேசைக்கு மேசை கத்திக் கேட்டுக்கொண்டு சிரிப்பார்கள். இன்று காலை, கணினிப் பிரிவுக்காரி கூட்ட அறையில் தனியாக உட்கார்ந்து அதற்கு ஒரு முடிவு கட்டுகிறாள். கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்தக் கணக்கை வெளியேற்றிவிட்டு, தன் பெயரில் கூட்டத்தைத் திறக்கிறாள். திரைச்சீலை இடுக்கில் நுழைந்த வெயில் காலி நாற்காலிகளின் முதுகில் கோடு போடுகிறது. டிங் என்று ஒரு மணி. உள்ளே வரக் காத்திருப்பது ஒரே ஒரு பெயர், மேலாளருடையது. அவள் அந்தப் பெயரை மறுபடி படிக்கிறாள். அனுமதிக்கிறாள். கறுத்த கட்டம் ஒன்று விரிகிறது. அதற்குள் எங்கோ குழாய் சொட்டுகிறது. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

“யாருங்க?”

“நான் அவரு வீட்டுக்காரிம்மா. அவரோட டேப்லெட்டைத் தொட்டா தினமும் உங்க பேச்சு கேக்கும், கேட்டுக்கிட்டே வேலை பாப்பேன். இன்னிக்கு என்னமோ பாஸ்வேர்டு கேட்டுச்சு. அவரு என்ன போட்டாருன்னு எனக்கென்ன தெரியும்? எதையோ அமுக்கினேன், அவரு பேரோடவே இங்க வந்துட்டேன்.”

கதவைத் தள்ளிக்கொண்டு கணக்கர் தலையை நீட்டுகிறார். “என்னம்மா இது, குண்டூசி குண்டூசின்னு எத்தனை தடவைதான் அடிக்கிறது? உள்ள விடமாட்டேங்குதே!”

அவள் பதறி மைக்கைக் காட்டுகிறாள். கட்டத்தில் மூச்சு நின்றுபோகிறது. குழாய் மட்டும் சொட்டுகிறது.

“அது அவரு மட்டும் என்னைக் கூப்பிடுற பேராச்சே,” என்கிறது குரல், மிக மெதுவாக. “அங்க யாரும்மா கூப்பிட்டது?”