வெயிலில் வந்த பூச்சிகள்

தீவிலிருந்து மெயின்லேண்ட் போயிருந்த முத்துகிருஷ்ணன் கப்பலில் திரும்பிய மறுநாளே, மரைன் ஹில் வீட்டுக்குள் சாம்பல் நிறப் பூச்சிகள் வந்தன. தொட்டால் உருண்டையாகச் சுருளும், ஈரத்தைத் தேடும். மனைவி வைஜெயந்தி குளியலறையைக் காயவைத்துச் சுண்ணாம்பு தூவினாள். அவையோ அவன் நாற்காலிக்கடியில், காய்ந்த தரையில் கூடின.

"வெயில்ல உக்காருங்க. அதுங்க அங்க வராது."

அவன் முற்றத்துக்குப் போனான். சற்று நேரத்தில் பூச்சிகள் வாசற்படி தாண்டி, சுடும் சிமென்ட்டில் அவனை நோக்கி ஊர்ந்தன. பல பாதி வழியிலேயே செத்தன.

"காலைத் தூக்குங்க!" என்று துடைப்பத்துடன் ஓடினாள்.

"சோடோ, விடு. பாவம், அதுங்களுக்குத் தாகம்."

அவன் செருப்பைக் கழற்றிப் பாதங்களை அகட்டி வைத்தான். அவன் கால்விரல் இடுக்குகளில் நுழைந்த பூச்சிகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.