மாங்கனீஸ் டப்பா

அரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இந்தப் பக்க ஸ்டூலில் நான், ஞாயிறு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. அன்றைக்கு அதில் என்றுமில்லாத வெளுப்பு. மடியில் நான்கு வயது மகன் ஜோ. சுவரோரப் பெஞ்சில் மனைவி அனிஷா அழுதுகொண்டிருந்தாள்.

ஜோவின் உதடும் நாக்கும் நீலம் பாரித்திருந்தன.

"என்ன சாப்பிட்டான்?"

"மாங்கனீஸுங்க. எண்ணெயில கொழைச்சுப் படம் வரையற நீலத்தூளு, வெசமுங்க. இப்ப எங்கயும் தயாரிக்கறதில்ல. மாதா படத்து அங்கிக்குன்னு வெச்சிருந்தேன், டப்பா காலியாக் கெடக்குது."

அனிஷாவின் அழுகை சட்டென்று நின்றது.

டாக்டர் அவன் நாக்கைப் பஞ்சால் துடைத்து முகர்ந்தார்.

"ஏங்கண்ணு, மரத்தடியில எத்தன பொறுக்கின?"

"நெறைய," என்ற ஜோ, டவுசர் பையிலிருந்து ஒரு நாவல்பழத்தை எடுத்து நீட்டினான்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப தூளு எங்க போச்சு?"

"வூட்டுல மாங்கனீஸ், மாங்கனீஸ்னுதான கத்துனீங்க? நீலத்தூளுன்னு இப்பத்தான சொல்றீங்க," என்றாள் அனிஷா. "டப்பா மேல நீலம்னு எழுதுனது ஆருங்க? துணிக்குப் போடறதுன்னு பக்கெட்டுல கொட்டிட்டேன்."

"எந்தத் துணிக்கு?"

அவள் என் சட்டையைப் பார்த்தாள்.

சாயங்காலம் பெங்களூர் பெயிண்ட் கடைக்காரருக்கு எழுதினேன்: 'இந்த நீலம் எங்காவது மிச்சமிருந்தால் அனுப்பவும். மாதிரி இணைத்துள்ளேன்.' சட்டைப் பையைக் கத்தரித்து உள்ளே வைத்து, உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.