சிவப்புப் பெட்டி மிதித்த தூரம்

டான்யூப் ஆற்றோரமாகவே ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை போக, திலகவதி அம்மாள் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தார். அவருடைய சிவப்புப் பெட்டியோ தினமும் மற்றப் பயணிகளின் பெட்டிகளோடு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் ஏறி, மதியத்துக்குள் அடுத்த ஊர் விடுதி வாசலில் இறங்கிவிடும்.

சாயங்காலம் சைக்கிள் சேறும் சகதியுமாக வந்து நிற்கும்.

“வா தம்பி, இன்னைக்கு என்ன கூத்து?” என்று பெட்டி கேட்கும்.

“எதிர்க்காத்து அண்ணே. செயின் வேற ரெண்டு தடவை கழண்டுச்சு.”

உடனே பெட்டி பக்கத்துப் பெட்டிகள் பக்கம் திரும்பும். “கேட்டீங்களா? இன்னைக்கு நாங்க பட்ட பாடு இருக்கே!”

‘நாங்க’ என்றதும் சைக்கிளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சைக்கிளுக்கு ஒரே ஓர் ஆசைதான். முழு தூரமும் மிதித்து வந்தவர்களுக்கு வியன்னாவில் ஒரு பச்சை ஸ்டிக்கர் தருவார்கள். அதைத் தன் மட்கார்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் நாள் ஸ்டிக்கர் கைக்கு வந்தது. அம்மாள் சைக்கிளைப் பார்த்தார்.

“இதைத் திருப்பிக் கொடுக்கணுமே, இதுல ஒட்டி என்ன பிரயோஜனம்?” என்று பெட்டியின் மேல் ஒட்டி, ஓரங்களை அழுத்தித் தேய்த்தார்.

“அண்ணே, அது...” என்று இழுத்தது சைக்கிள்.

“இதுக்கெல்லாம் மனசு விடலாமா தம்பி?” என்றது பெட்டி. “நீயும் என்னை மாதிரி கொஞ்சம் கஷ்டப்பட்டு உழை. அடுத்த தடவை உனக்கும் கிடைக்கும்.”