வம்சத்தில் இல்லாத முடி

"எங்க வம்சத்துல யாருக்குமே இந்த மாதிரி முடி கிடையாது."

வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்று நாகரத்தினம் சொன்னாள். எதிரே, பர்மாவின் தன்லியின் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த தூசியோடு ஓர் இளம்பெண் நின்றாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு. தலை முழுக்க இறுகச் சுருண்ட முடி. மார்போடு அணைத்திருந்த துணிப்பையில் ஒரு படச்சட்டம்.

"நான் பூர்ணா, பெரியம்மா. உங்க தங்கச்சி சொர்ணத்தோட மக. அம்மா போன மாசம் தவறிடுச்சு."

"பெரியம்மான்னு கூப்பிடாத. ஊர்க்காரங்க எல்லாம் மரியாதைக்கு 'டோ'ன்னு கூப்பிடுறாங்க. நீயும் அப்படியே கூப்பிடு, போதும்."

மருமகள் புஷ்பலதாவுக்கு மனசு கேட்கவில்லை. "உள்ள வரட்டும் அத்தை. வெயில்ல நிக்குது பாவம்."

தாகேதா பேட்டையில் அந்த வீடு நாகரத்தினத்தின் அப்பா கட்டியது. கூடத்துச் சுவரில் அவர் தலைப்பாகையோடு இருந்தார். பக்கத்தில் அம்மா. அதற்கடுத்து வெறும் சுவர்.

பூர்ணா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே படத்தை எடுத்து நீட்டினாள். "தாத்தா பாட்டி பக்கத்துல அம்மாவை மாட்டணும். சாகும்போது அது ஒண்ணுதான் கேட்டுச்சு. எனக்கு வேற எதுவும் வேணாம்."

படத்தில், நோயில் ஊதிப்போன ஒரு முகம். நாகரத்தினம் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"யாரோ. சொர்ணத்துக்கு முழங்கால் வரைக்கும் முடி. கோடு போட்ட மாதிரி நேரா விழும். அவ வயித்துல தேங்கா நார் பிறக்குமா?"

"அவங்க வீட்டுக்காரர் பக்கத்துலேர்ந்து வந்திருக்கும் அத்தை."

"அந்தப் பர்மாக்காரனை நான் பார்த்திருக்கேன் புஷ்பா. முப்பது வருஷத்துக்கு முன்னால சொர்ணத்தை இழுத்துட்டுப் போனவன்தானே. அவனுக்கும் நேர்முடிதான். அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு? இன்னைக்குப் படம் மாட்டுவா, நாளைக்குப் பாய் விரிப்பா."

புஷ்பலதா மாமியாரின் தலையைப் பார்த்தாள். அறுபது தாண்டியும் ஓர் இழை பிசகாத, பளபளவென்று படிந்த கொண்டை. தலைகுளித்தால்கூட அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் முடிந்துகொள்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கொண்டையின் மேல் புஷ்பலதாவுக்குப் பொறாமை. அதைப் பார்த்துவிட்டுப் பூர்ணாவைப் பார்த்தபோது அவளுக்கும் சந்தேகம் தட்டியது.

ஆனாலும் சீப்பை எடுத்துக் கொடுத்தாள். "தலையை வாரிக்கம்மா. ஒரே தூசி."

பூர்ணா சீப்பைத் தலையருகே கொண்டுபோனாள்.

"காஞ்ச தலையில சீப்பை வைக்காத!"

நாகரத்தினம் போட்ட அதட்டலில் இருவரும் திரும்பினார்கள்.

"சீப்புப் பல்லு போயிடும். என் சீப்பு அது."

"தெரியும் டோ. சும்மா தூசி தட்டத்தான்." பூர்ணா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தலையில் தெளித்தாள். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, நுனியிலிருந்து மேலே, பிரி பிரியாகப் பிரித்துத் தடவினாள்.

நாகரத்தினத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பார்த்தியா புஷ்பா? நம்ம பொண்ணுங்க எண்ணெய் தேச்சுட்டுத்தான் தலைக்குத் தண்ணி ஊத்தும். இவ தண்ணி தெளிச்சுட்டு எண்ணெய் தடவுறா. எல்லாம் தலைகீழ். இது சொர்ணம் வளர்த்த பொண்ணா?"

"அம்மாதான் கத்துக் குடுத்துச்சு. ஈரம் முதல்ல, அது ஓடிப்போகாம எண்ணெயைப் போட்டுப் பூட்டணும்னு சொல்லும்."

"பாட்டில்ல என்ன?"

"தயோ பட்டை ஊறவெச்ச தண்ணி."

"இங்க எல்லாரும் தலைக்குப் போடுறதுதானே," என்றாள் புஷ்பலதா.

"அவங்க கின்பூன் காயும், அதான் நம்ம சீயக்கா, சேர்த்துக் கொதிக்க வைப்பாங்க அண்ணி. அம்மா காயைத் தொடவே விடாது. அது அழுக்கோட ஈரத்தையும் எடுத்துட்டுப் போயிடுமாம். இந்த முடிக்குப் பட்டை மட்டும்தான்."

நாகரத்தினம் பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தாள். கொழகொழப்பை விரலிடையே தேய்த்துப் பார்த்தாள்.

"நேர்முடிக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யார் சொல்லிக் குடுத்தா? பொய் சொல்லாம சொல்லு."

பூர்ணாவின் கை நின்றது. "எனக்குத் தெரியாது டோ. நானும் கேட்டிருக்கேன். அம்மா சிரிக்கும். 'அது வேறொருத்தர் ரகசியம், சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்'னு சொல்லும். ஆஸ்பத்திரியில கடைசியாக் கேட்டேன். அப்பவும் சொல்லல."

தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. நாகரத்தினம் எழுந்தாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

புஷ்பலதா பயந்துவிட்டாள். "அத்தை, வேணாம். சின்னப் பொண்ணு, அனுப்பிடலாம்."

"நீ போய் ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வா."

சொல்லிவிட்டு நாகரத்தினம், பூர்ணாவின் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பளபளக்கும் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்து, தொப்பியைக் கழற்றுவதுபோல் முழுதாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடியில், நரைத்து, வறண்டு, இறுகச் சுருண்டு கிடந்தது முடி.

"மெதுவாத் தெளி, பூர்ணா. உங்கம்மா இந்த வீட்டை விட்டுப் போனதுக்கப்புறம் இதுல யார் கையும் படல."