மாஸ்டரின் மிதவை

மேசைமேல் மிதவையை நீளமாக விரித்துப் போட்டு, உள்ளே மிச்சமிருந்த காற்றை அவள் முழங்கையால் அழுத்தி வெளியேற்றினாள்.

ஆள் உயர ஆரஞ்சுப் பை அது. கடலுக்குள் முங்குகிறவர் மேலே வருவதற்கு முன் இதற்குள் காற்றை விடுவார். பை நூலை இழுத்துக்கொண்டு மேலே போய், தண்ணீரில் குத்துக்கல் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் படகு அவரிடம் வரும்.

மூடிய முனை உள்ளே போகும்படி, அங்கிருந்து வாய்ப்பக்கம் நோக்கிச் சுருட்டினாள். நூல் உருளையின் கொக்கியை அடி வளையத்தில் மாட்டினாள். சுருளைக் கட்டிவைக்கும் எலாஸ்டிக்கை எடுத்தாள்.

நூல் எலாஸ்டிக்குக்கு மேலே கிடக்க வேண்டும். அடியில் மாட்டிக்கொண்டால், பை பாதி விரிந்து நூல் சிக்கிக்கொள்ளும். பிறகு உருளையைப் பிடித்திருக்கும் ஆளையே மேலே இழுத்துக்கொண்டு போகும். அந்த ஆழத்திலிருந்து அந்த வேகத்தில் வந்தால் நுரையீரல் தாங்காது.

ஒரே ஒரு சுற்று. யாருக்கும் தெரியாது.

அவள் விரல் அங்கேயே நின்றது.

அந்த ஒரு சுற்றைத்தான் ஊர் இரண்டு வருடமாக அவள் தலையில் கட்டியிருக்கிறது. தம்பியின் மிதவையையும் அவள்தான் சுருட்டிக் கொடுத்தாள். தம்பி நாலாம் நாள் கரை ஒதுங்கினான். மிதவை கிடைக்கவே இல்லை.

அன்று படகை ஓட்டியது மாஸ்டர். முங்கும் நிலையத்தின் முதலாளியும் அவர்தான். படகை அந்த இடத்தைவிட்டு நகர்த்தவே இல்லை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், மிதவை மேலே வரவில்லை, சுருட்டியதில்தான் கோளாறு என்று விசாரணையில் நாக்கு கூசாமல் சொன்னார்.

பெற்ற அம்மாவே நம்பினாள். அன்றிலிருந்து அம்மா அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

அதோடு விட்டாரா? அவளை வேலையிலிருந்து அனுப்பாமல் வைத்துக்கொண்டார். மாஸ்டருக்குப் பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. புதிதாக முங்க வருகிறவர்கள் முன்னால் அவள் சுருட்டியதை வாங்கித் தட்டிப் பார்த்து, ஏதாவது ஒரு வார்த்தை விடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே தனக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இன்று நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள். வந்திருப்பவர் அன்று விசாரணை நடத்திய அதே அதிகாரி. அவர் கண்முன் மாஸ்டர் முங்கி, மிதவையை மேலே விட்டுக் காட்ட வேண்டும்.

உடுப்பை மாட்டிக்கொண்டு மாஸ்டர் வந்து நின்றார்.

"இன்னைக்காவது ஒழுங்கா சுத்துனியாம்மா? என்னையும் அனுப்பி வச்சிடாத."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நூலை எலாஸ்டிக்குக்கு மேலேயே விட்டாள். அதிகாரியிடம் நீட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னாள். நூல் வெண்ணெயாக ஓடியது. பிறகு தன் கையாலேயே மாஸ்டரின் தொடைப் பைக்குள் செருகிக் கொக்கியை மாட்டினாள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு ஒழுங்காக எதையும் சுருட்டியதில்லை.

வழக்கமாகப் படகில் போகாதவள், இன்று ஏறிக்கொண்டாள்.

தம்பி கடைசியாக முங்கிய அதே இடம். மாஸ்டர் முங்கி இருபது நிமிடமாகியும் தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவள் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரிய வேண்டும், விரிந்தே ஆக வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். கும்பிடாத சாமியையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மிதவை பீறிட்டு மேலே வந்தது. ஒரு தரம் சாய்ந்து, நிமிர்ந்து, நேராக நின்றது.

அதிகாரி நேரத்தைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். திறந்த பேனா அப்படியே நின்றது.

மிதவையின் உச்சியில், இரண்டு பக்கமும், கட்டை கட்டையான கறுப்பு எழுத்தில் எழுதியிருந்தது: தவளை.

இங்கே முங்குகிறவர்கள் தங்கள் பட்டப்பெயரை மிதவையில் எழுதிவைப்பார்கள். இந்தக் கரையில் தவளை என்று ஒருவனைத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரியின் பழைய கோப்பிலும், இறந்தவன் பெயருக்குப் பக்கத்தில் அது இருந்தது.

போன வாரம் ஏதோ வேலையாக அக்கரையிலிருந்து வந்த வலைக்காரர் ஒருவர், தவளை என்கிற தம்பி எங்கே இருக்கிறார், அவர் பொருள் என்னிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே நிலையத்துக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம், இதே இடத்தில் ஒரு மிதவையைத் தனியாகப் பார்த்தாராம். தேதி கேட்டாள், சொன்னார். தம்பி முங்கிய அதே நாள். காற்று நிறைந்து நேராக நின்றதாம். நூல் கடைசி வரை சிக்கில்லாமல் ஓடியிருந்ததாம். கண்ணுக்கு எட்டியவரை ஒரு படகும் இல்லையாம். யாரோ தொலைத்தது என்று எடுத்துப் போய்க் கொட்டகையில் மாட்டிவைத்திருந்தவர், அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் அந்த விவரம் முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள், இப்போது அவள் இடுப்புப் பையில் இருந்தது.

தண்ணீரில் மாஸ்டரின் தலை தெரிந்தது. ஒரு கையால் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையைப் படகை நோக்கி ஆட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணாந்து பார்க்க அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

அதிகாரி மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல், இதைச் சுருட்டியது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். ரெண்டு தடவையும்."