அடுத்தவர் சத்தம்

பாட்டின் நடுவே கிடார் தனியாக வரும் இடம் நெருங்கியதும், தங்கை கூட்டத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரரைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தாள்.

அண்ணனுடைய சத்தத்தைக் குறை, என்னுடையதை ஏற்று என்று அர்த்தம்.

சில மாதங்களாக இப்படித்தான் ஓடுகிறது. நரம்புக் கோளாறில் அண்ணனின் இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டன. அவர் நினைப்பது ஒரு சுரம், கிடாரில் விழுவது வேறொன்று. அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் அண்ணன் காலடியில் இருக்கும் ஸ்பீக்கரில் மட்டும் அவருடைய கிடார் கேட்கும். கூட்டத்துக்குக் கேட்பது, அதே பகுதியைக் கூடவே வாசிக்கும் தங்கையின் கிடார்.

அந்தக் குழுவை ஆரம்பித்ததே அண்ணன்தான். மேடையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லாரையும் போட்டு வறுத்தெடுத்தவரும் அவர்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சும்மா கம்பியை நோண்டக் கூடாது. அடுத்த குழு காத்திருந்தால் ஒரு பாட்டைக் குறைத்துக்கொண்டாவது இறங்கிவிட வேண்டும். எதைப் பொறுத்தாலும் ஒன்றை மட்டும் பொறுக்க மாட்டார்: கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் சத்தத்தில் கை வைப்பது. கீபோர்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி டிரம்மர் ஒருமுறை ஜாடை காட்டியதற்கு, ஒரு வாரம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் அவள் இதைச் செய்துகொண்டிருந்தாள்.

அன்று பட்டப்பகலில் திறந்த மைதானத்தில் நிகழ்ச்சி. மேடை சின்னது. எப்போதும் எதிர்க்கோடியில் நிற்கும் அண்ணன், அன்று தோள் உரசும் தூரத்தில் நின்றார்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அண்ணனும் கண்ணை மூடி, முதுகை வளைத்து, கம்பிகளின் மேல் விரல்களை ஓட்டினார்.

அவர் காலடி ஸ்பீக்கரிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

ஏதோ பழுது என்று பதறிப்போய்க் கீழே பார்த்தாள். ஸ்பீக்கர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையிலிருந்து வந்த கிடார் வயர் அவர் இடுப்புவரை ஏறி, கிடாரின் தோள்வாருக்குள் நுழைந்து வெளியே வந்திருந்தது.

அதன் முனை கிடாரில் இல்லை. அவருடைய பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

அவள் நிமிர்ந்து சவுண்ட்காரரைத் தேடினாள். அவர் எந்தக் குமிழையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டு, அவள் பார்வைக்குத் தப்பித்துத் தலையைக் குனிந்துகொண்டார். அங்கே குறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இல்லை.

அவள் விரல் ஒரு கணம் தடுக்கியது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். அவள் எதைப் பார்த்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உதடு அசையாத மாதிரி சொன்னார்:

"என்னைப் பாக்காத பாப்பா. நிறுத்தாம வாசி."

வாசித்தாள். பக்கத்தில், சத்தமே வராத கம்பிகளின் மேல் அவருடைய நகம் உரசுவது மட்டும் கேட்டது.

கிடார் தனியாக வரும் பகுதி முடிந்ததும் பாடகி மைக்கில், "லீட் கிடார், எங்க அண்ணன்" என்று கை நீட்டினாள். மைதானம் முழுக்கக் கைதட்டியது.

அண்ணன் இரண்டடி முன்னே வந்து தலை குனிந்தார். இத்தனை மாதமும் இப்படித்தான் குனிந்திருக்கிறார். தனக்குச் சேராத கைதட்டலை, வீடு திரும்பும் வழியில் தங்கை, அண்ணனுக்கு எதுவும் தெரியாது என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வரட்டும் என்பதற்காக, சிரித்த முகத்தோடு வாங்கியிருக்கிறார்.

டிரம்மர் குச்சியைத் தட்டினான். அடுத்த சரணத்துக்கு அவள் கைகள் தாமாகப் போயின. எதிரே கூட்டம் ஒரே கலங்கலாகத் தெரிந்தது.